பனி விழும் வாசலில் ஒரு புள்ளி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் காலை நேரப் பயணிகள் ரயிலில், மார்கழி மாதத்தில் சன்னலோரம் அமர்ந்து சென்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் எனச் சிறிய நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். ஏரிகளில் நீர் நிறைந்திருக்கும். நெல் வயல்களின் மீது பனி, உலர்த்திய வெள்ளை வேட்டியைப் போலத் தாழப் படர்ந்திருக்கும். பனைமரங்களின் தலைகள் மட்டும் அதற்கு மேலே தெரியும். முண்டியம்பாக்கத்தை நெருங்கும்போது சர்க்கரை ஆலையின் பாகு வாசனை பெட்டிக்குள் நுழையும். வங்கிப் பணியின் பொருட்டுப் பல ஆண்டுகள் அந்த வழியில் போய்வந்த எனக்கு, ஓய்வு பெற்ற பின்னும் மார்கழி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சன்னல்தான்.

நம் பகுதியின் குளிர் பெரிய குளிர் அன்று. டிசம்பர், சனவரி மாதங்களின் விடியற்காலையில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். டில்லிவாசிகள் இதைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆயினும் கத்திரி வெயிலில் 40 டிகிரிக்குப் பழகிய உடம்புக்கு இதுவே அதிகம். எழுபதைக் கடந்த முழங்கால்களைக் கேட்டால் அவை இன்னும் திருத்தமாகச் சொல்லும். ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த நம் முன்னோர், மார்கழிக்கும் தைக்கும் முன்பனி என்றும், மாசிக்கும் பங்குனிக்கும் பின்பனி என்றும் பெயரிட்டனர். ஆக, ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைப் பனிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் முதியோர் பலர் ஒரு குறையைச் சொல்வதைக் கோயில் பிராகாரத்திலும் கேட்கிறேன், உறவினர் வீடுகளிலும் கேட்கிறேன். "பொழுது விடிய மாட்டேன் என்கிறது, விடிந்தால் போக மாட்டேன் என்கிறது." பிள்ளைகள் வெளியூரில் அல்லது வெளிநாட்டில். அதிகாலை நடைப்பயிற்சிக்கு மருத்துவர் தடை. மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தால் பத்து மணிவரை எழுந்திருப்பதில்லை. அவர்களுக்காகவே இக்கட்டுரை. மார்கழி என்பது கைகளுக்கு வேலை கொடுத்த மாதம். குளிரில் முடங்கிக் கிடக்கும் உடம்பை எழுப்பி, ஏதேனும் ஒன்றை அழகாகச் செய்யவைத்து, அதை இறைவனுக்கு முன் வைக்கச் சொன்ன மாதம். செய்த பொருள் நண்பகலுக்குள் அழிந்துவிடும். மறுநாள் மீண்டும் செய்யவேண்டும். அந்த ஏற்பாட்டில் முதியவர்களுக்கு ஒரு பங்கு எப்போதும் இருந்துவந்தது, இன்றும் இருக்கிறது.

இடைகழியில் மூவர்

குளிரும் மழையும் சேர்ந்த ஓர் இரவைப் பயனுள்ளதாகக் கழித்தவர்கள் யார் என்று கேட்டால், நம் ஊருக்கு அருகிலேயே விடை இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் ரயில் பாதையில் உள்ள திருக்கோவலூர். 2019ஆம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆயினும் தென்பெண்ணைக் கரைக்கு எல்லைக்கல் நட்டவர்கள், உலகளந்த பெருமாளுக்கு நட முடியுமா?

பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய முதலாழ்வார் மூவரும் அவ்வூரில் சந்தித்த வரலாறு அன்பர்கள் அறிந்ததே. இருண்ட இரவு, விடாத மழை. மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில் ஒருவர் வந்து ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம் என்ற அளவே அங்கு இடம். இரண்டாமவர் வந்ததும் இருவரும் எழுந்து அமர்ந்தார்கள். மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள். நான்காவதாக ஒருவர் நெருக்கினார்; கண்ணுக்குத் தெரியவில்லை. யாரென்று காண விளக்கு வேண்டும். ஒருவர் உலகத்தையே அகலாகக் கொண்டு பாட்டினால் விளக்கேற்றினார். மற்றொருவர் தம் அன்பையே அகலாக்கி ஏற்றினார். அந்த ஒளியில் மூன்றாமவர் எம்பெருமானைச் சேவித்துப் பாடினார். ஒவ்வொருவருக்கும் நூறு பாடல்கள், மூன்று திருவந்தாதிகள்.

இந்த வரலாற்றை ஞானவிளக்கத்தின் கதையாகவே பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். எனக்கு இதில் வேறொன்றும் தோன்றுவதுண்டு. மூன்று பெரியவர்கள், போர்த்திக்கொள்ள எதுவுமின்றி, உட்காரவும் இடமின்றி, மழையிரவில் நிற்கிறார்கள். அவர்கள் குளிரைப் பற்றிக் குறை கூறவில்லை, பாட்டுக் கட்டினார்கள். அதுவும் எத்தகைய பாட்டு? ஒரு பாட்டின் இறுதியை அடுத்த பாட்டின் தொடக்கமாக்கும் அந்தாதி. ஒன்றின் முடிவு மற்றொன்றின் முதலாகித் தொடரும் அந்த வடிவத்தை, விடியுமுன் எழுந்து வாசலில் கோலமிடும் பெண்கள் வேறொரு முறையில் கையாண்டுகொண்டிருக்கிறார்கள்.

கோலத்தின் கணக்கு

வங்கிகளில் டிசம்பர் 31 ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளாக இருந்த காலத்தில் நான் பணியில் இருந்தேன். கணினி வராத காலம். பேரேடுகளின் கூட்டுத்தொகை பொதுப் பேரேட்டோடு ஒத்துவர வேண்டும். ஒரு பைசா வித்தியாசம் என்றாலும் வீட்டுக்குப் போக முடியாது. பல ஆண்டுகள் அந்த இரவு எங்களுக்கு விடியற்காலை நான்கு மணிக்குத்தான் முடிந்தது. கண்கள் எரிய, கையில் மை படிய வீடு திரும்பும்போது தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். சாணம் கரைத்த நீர் தெளிக்கும் ஓசை. பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. தலையில் ஈரத் துண்டு கட்டிய பெண்கள் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இரவெல்லாம் போராடிய அதே வேலையை அவர்கள் அரைமணி நேரத்தில் முடிப்பதைக் கண்டு வியந்திருக்கிறேன். சிக்குக் கோலத்தில் இழை எங்கே தொடங்கியதோ அங்கே வந்து சேரவேண்டும். ஒரு புள்ளியும் விடுபடக்கூடாது. ஒரு புள்ளியின் மீதும் இழை ஏறக்கூடாது. வரவும் பற்றும் ஒத்துப்போவதைவிடக் கடினமான நிபந்தனை அது.

புள்ளிக்கணக்கில் இரண்டு வகை உண்டு. புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக வருவது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி அமைவது ஊடுபுள்ளி. சந்துப் புள்ளி, இடைப்புள்ளி என்றும் சொல்வர். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு நடுவரிசையில் 7, இருபுறமும் 6, 5, 4 என மொத்தம் 37 புள்ளிகள். ஏழில் தொடங்கி ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு 7, 5, 3, 1 என்று குறைந்து மொத்தம் 25. எழுத்தறியாத பாட்டிமார்கள் இதைக் காகிதமின்றி மனத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இதன் அருமையைக் கணித வல்லுநர்களும் உணர்ந்தார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் கோலத்தை ஆராய்ந்தனர். 1974இல் வெளியான அவர்களது கட்டுரை, கணினிக்கு மொழியிலக்கணம் வகுப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம் என்று காட்டியது. சிறிய கோலம் எந்த விதியால் பெரிய கோலமாக வளர்கிறது என்பதை அவர்கள் எழுதிவைத்தார்கள். நம் வாசலில் தினமும் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளப்படும் ஒன்று, வெளிநாட்டு ஆய்விதழில் இடம்பெற்றது.

மார்கழியில் மட்டும் கோலத்துக்கு ஏன் அத்தனை சிறப்பு என்று கேட்பவர்களுக்குப் பெரியோர் சொல்லும் காரணங்கள் பல. தேவர்களுக்கு இது பிரம்ம முகூர்த்தம். கீதையில் பகவான் மாதங்களுள் தம்மை மார்கழியாகக் கூறிக்கொண்டார். இவற்றோடு கண்ணால் கண்ட ஒரு காரணத்தையும் நான் சேர்ப்பேன். பனி இறங்கிய தரையில் மாவு நன்றாகப் பிடிக்கும். காற்று அடங்கிய நேரம், தெளித்த நீர் சீக்கிரம் உலராது, இழை அலைக்கழியாமல் விழும். சித்திரையில் இதே கோலத்தைப் போட்டுப் பாருங்கள். ஏழு மணிக்குள் பாதி பறந்துவிடும்.

பச்சரிசி மாவினால் இட்ட கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவு. இல்லறத்தார் நாள்தோறும் செய்யவேண்டிய ஐந்து வேள்விகளில் பிற உயிர்களுக்கு உணவிடும் பூதயக்ஞமும் ஒன்று. நெய்யும் சமித்தும் இன்றி, மந்திரமும் இன்றி, வாசற்படியிலேயே அதை நிறைவேற்றிவிட்டுத்தான் நம் வீட்டுப் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். இப்போது கடையில் விற்பது பெரும்பாலும் கல்மாவு. எறும்பு அதைச் சீண்டுவதில்லை. வாசல் முழுதும் கல்மாவில் போட்டாலும், நடுவில் உள்ள சிறு தாமரையை மட்டுமாவது அரிசி மாவில் போடலாம். ஒரு பிடி மாவுக்கு மேல் செலவாகாது.

கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்து அதில் பரங்கிப்பூ செருகுவது நம் தென்னார்க்காட்டு வழக்கம். சிலர் பூசணிப்பூ என்பார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. பரங்கிக் கொடியில் ஆண்பூ, பெண்பூ என இரண்டும் தனித்தனியே பூக்கும். பெண்பூவின் இதழ்களுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு பிஞ்சு உருண்டையாக இருக்கும். ஆண்பூவுக்கு நீண்ட மெல்லிய காம்பு மட்டுமே. விவரமறிந்தவர்கள் காம்பு நீண்ட ஆண்பூவைத்தான் பறிப்பார்கள். அதிலும் வண்டு மகரந்தம் எடுத்துச் செல்லச் சிலவற்றைக் கொடியில் விட்டுவைப்பார்கள். வாசலும் நிறைந்தது, காயும் குறையவில்லை. விடியலில் விரியும் அந்தப் பூ நண்பகலுக்குமுன் கூம்பிவிடும். ஆகவே முன்னிரவில் பறித்துவைக்கும் சோம்பேறித்தனம் இங்கே செல்லாது. பனியில் நனைந்து கொடியருகே சென்றுதான் ஆகவேண்டும்.

வெள்ளம் வடிந்த மார்கழி

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. முருகப்பெருமான் எழுந்தருளியுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருவெள்ளம் தென்பெண்ணையில் இறங்கியது. அரகண்டநல்லூர், திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 அன்று ரயில்களும் நின்றன. விழுப்புரம் நகரின் பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது.

மார்கழி முதல் நாள் டிசம்பர் 16. வெள்ளம் வந்து சரியாகப் பதினைந்து நாட்கள்கூட ஆகவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நனைந்த மெத்தைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. எங்கும் சேற்று நாற்றம். இந்த ஆண்டு கோலமே வேண்டாம், மனம் வரவில்லை என்றார்கள் சிலர்.

எங்கள் தெருவின் கோடியில் எண்பதை நெருங்கும் ஒரு மூதாட்டி இருக்கிறார். மணமாகி வந்த நாள்முதல் தாம் பார்த்த, போட்ட கோலங்களையெல்லாம் நோட்டில் வரைந்து வைத்திருந்தார். நான்கு நோட்டுகள். மை, பென்சில், பால்பாயின்ட் பேனா என்று காலத்துக்குக் காலம் மாறிய கோடுகள். மரப்பெட்டியின் அடியில் இருந்த அவை வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டன. மொட்டை மாடியில் வைத்து உலர்த்தினார்கள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. வீட்டின் மற்றப் பொருள்களுக்கு வருந்தாத அந்த அம்மாள் இதற்கு மட்டும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருடைய மருமகள் சொன்னார்.

மார்கழி முதல் நாள் காலை ஐந்து மணிக்கு நான் கோயிலுக்குப் புறப்பட்டபோது அந்த வாசலில் விளக்கு எரிந்தது. மூதாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருந்தார். சேறு சுரண்டிக் கழுவிய தரையில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி மாவுக்கிண்ணத்தோடு குந்தியிருந்தாள்.

"எத்தன புள்ளி ஆயா?"

"பதினஞ்சுல ஆரம்பி கண்ணு. ஊடுபுள்ளி. எட்டுல நிறுத்து."

"நோட்டு இல்லியே, அப்புறம் எப்படி ஆயா?"

"நோட்டுல இருந்தா போட்டேன்? கையில இருந்துது. இப்ப வாயில இருக்குது. நீ புள்ளிய வையி."

நான் கணக்குப் பார்க்கும் பழக்கத்தில் கூட்டிப் பார்த்தேன்: 15இல் தொடங்கி 8இல் முடியும் ஊடுபுள்ளிக்கு 169 புள்ளிகள். "இந்தப் புள்ளிய மடக்கிக்கினு மேல ஏறு, ரெண்டாவத விட்டுட்டுத் திரும்பு" என்று அவர் சொல்லச் சொல்ல, பெண்ணின் கை நகர்ந்தது. இரண்டு இடத்தில் அழித்துப் போட்டாள். நான் சுவாமி தரிசனம் முடித்துத் திரும்பிய நேரத்தில் இழை வந்து சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண்களும் வாசல் கழுவத் தொடங்கியிருந்தார்கள். அந்த மாதம் முழுதும் நாளொரு கோலமாக அவர் சொல்ல, பேத்தி புதிய நோட்டில் அதை வரைந்துகொண்டாள். அவற்றில் எத்தனை பழைய நோட்டில் இருந்தவை, எத்தனை அவராகவே புதிதாகச் சேர்த்தவை என்று அவருக்கே தெரியவில்லை, கேட்டால் சிரிக்கிறார்.

பாவைப் பாட்டும் நம் ஊர்க் குழந்தையும்

கோலத்தை மட்டும் சொல்லிப் பாட்டை விட்டால் மார்கழி நிறைவு பெறாது. ஆண்டாள் அருளிய திருப்பாவை முப்பது. மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளிய திருவெம்பாவை இருபது. அதனோடு திருப்பள்ளியெழுச்சி பத்து. திருமலையில் இம்மாதம் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவையே ஒலிக்கிறது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் முப்பது பாசுரங்களுக்கும் இராகம் அமைத்தார், எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் அவை தமிழகத்தின் வீடுகளுக்குள் வந்தன.

சைவ, வைணவப் பாவைகள் இரண்டையும் எல்லாரும் சேர்ந்து பாடவேண்டும் என்று ஊர் ஊராகப் பாவை மாநாடுகள் நடக்கத் தூண்டுகோலாக இருந்தவர் காஞ்சி மகாபெரியவர். அவர் நம் ஊர்க் குழந்தை என்பது நமக்கு ஒரு பெருமை. 1894ஆம் ஆண்டு மே 20 அன்று விழுப்புரத்தில் சுவாமிநாதனாக அவதரித்தார். தந்தையார் கல்வித்துறையில் பணியாற்றியதால் குடும்பம் திண்டிவனத்துக்கு வந்தது. அங்கு ஆற்காடு அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்தார். பள்ளி நாடகத்தில் ஷேக்ஸ்பியரின் பாத்திரம் ஒன்றை ஏற்று நடித்துப் பரிசும் பெற்றார். 1907இல், பதின்மூன்று வயது நிறையுமுன், பீடமேறினார். ‘திந்திரிணி’ என்றால் புளியமரம். புளியங்காட்டில் திந்திரிணீசுவரர் எழுந்தருளியதால் திண்டிவனம். அந்த ஈசுவரனின் ஊர் வீதிகளில் விளையாடிய சிறுவன்தான் பின்னாளில் ஆண்டாளையும் மாணிக்கவாசகரையும் ஒரே மேடையில் அமர்த்தினார்.

பாவைப் பாட்டு கடல் கடந்து போனதையும் மகாபெரியவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கில், அரண்மனை அந்தணர்கள் நடத்தும் சடங்கின் பெயர் ‘திரியம்பாவாய் திரிபாவாய்’. திருவெம்பாவையும் திருப்பாவையும் அப்பெயரில் ஒலிப்பது வெளிப்படை. அச்சடங்கில் மிக உயரமான ஊஞ்சலில் வீரர்கள் ஆடுவது வழக்கமாக இருந்தது. விபத்துகளால் 1935இல் அது நிறுத்தப்பட்டது. சிவந்த பெரிய ஊஞ்சற்கால்கள் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கின்றன.

பாடக் குரல் வேண்டுமே என்று தயங்கவேண்டாம். தெருபஜனையில் சேகண்டி தட்டுபவருக்கும், ஜால்ரா போடுபவருக்கும் பொங்கல் பிரசாதம் ஒரே அளவுதான். மிளகும் சீரகமும் இஞ்சியும் நெய்யில் மணக்கும் அந்தச் சூடான தொன்னையை உள்ளங்கையில் ஏந்தும் சுகத்துக்காகவே எழுந்திருக்கலாம் என்று சொன்னால், பெருமாள் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

முதிய கைகளுக்கு

நடக்க இயலாதவர்கள், குனிய இயலாதவர்கள், மருத்துவர் பனியில் போகக்கூடாது என்று கட்டளையிட்டவர்கள் என்ன செய்வது? மருத்துவர் சொன்னதைக் கேளுங்கள். விடியுமுன் நீராடி வெளியே போனால்தான் புண்ணியம் என்று இரத்த அழுத்த நோயாளி பிடிவாதம் பிடிப்பது எனக்கு உடன்பாடன்று. வெயில் வந்தபின் கோயிலுக்குப் போனாலும் சுவாமி அங்கேயேதான் இருக்கிறார்.

கோலத்தைத் தரையில்தான் போடவேண்டும் என்பதில்லை. பூசை அறையில் வைக்கும் மணையை மேசைமேல் வைத்து, நாற்காலியில் அமர்ந்தபடி ஊறவைத்து அரைத்த அரிசிமாவில் இழைக்கோலம் இடலாம். விரல் நடுங்கினால் இழை நெளியும். நெளிக்கோலம் என்றே ஒரு வகைக்குப் பெயர் இருக்கிறது, கவலை வேண்டாம். ஆண்கள் கோலம் போடலாமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். நான் மணையில் போடுகிறேன். இதுவரை யாரும் தடுக்கவில்லை.

பூத்தொடுப்பது மற்றொரு வேலை. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதே காலத்தில்தான் டிசம்பர் பூ வேலியோரங்களில் ஊதாவாகப் பூத்துக் குலுங்கும். மணம் இல்லை என்று அதைச் சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அந்த நிறமே போதும். எடையற்ற பூ, நாரில் கட்டும்போது இறுக்கினால் நசுங்கும், தளர்த்தினால் உதிரும். இரண்டுக்கும் நடுவே விரல் தானாகக் கண்டுபிடிக்கும் பிடிப்பு ஒன்று உண்டு. இடையிடையே துளசியோ மருவோ வைத்துக் கட்டினால் மணமும் வந்துவிடும். ஒரு முழம் கட்ட எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. என் மனைவி பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு என் முழத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போவார்.

ஒட்டிவைக்கும் பிளாஸ்டிக் கோலங்களைப் பற்றிச் சிலர் என்னிடம் கருத்துக் கேட்பதுண்டு. தனியாக வாழும், குனிய முடியாத ஒருவர் வாசல் வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஒட்டினால் அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. நல்ல கையும் காலும் உள்ள வீட்டில் அது ஆண்டு முழுதும் அழுக்கேறிக் கிடப்பதைப் பார்க்கத்தான் வருத்தம். அதேபோல, பரிசுக்காகத் தெருவை அடைத்துப் போடும் வண்ணக் கோலங்களைவிட, அகல்விளக்கருகே நான்கு புள்ளியில் போட்ட சிறு கோலம் எனக்கு உயர்வாகத் தெரிகிறது. இது என் தனிப்பட்ட ரசனை, மாறுபடுவோர் மாறுபடலாம்.

வெளிநாட்டில் பனிக்கட்டி உறையும் ஊர்களில் வாழும் நம் பிள்ளைகளுக்கு வாசற்கோலம் எளிதன்று. ஆயினும் வழி கண்டிருக்கிறார்கள். 2021 சனவரியில் அமெரிக்க அதிபர், துணை அதிபர் பதவியேற்பை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தத்தம் வீட்டிலிருந்தபடியே அட்டையில் கோலம் வரைந்து அனுப்ப, அவற்றைச் சேர்த்து ஒரு பெருங்கோலமாக்கினார்கள். தொற்றுநோய்க் காலம், கடுங்குளிர், ஒருவரையொருவர் சந்திக்க முடியாத நிலை. கோலம் அவர்களைச் சேர்த்தது. உங்கள் பேரப்பிள்ளைக்கு வாரம் ஒரு கோலத்தைத் தாளில் வரைந்து, படமெடுத்துச் செல்பேசியில் அனுப்பலாமே. புள்ளிகளை மட்டும் வைத்து அனுப்புங்கள். இழையை அந்தக் குழந்தை போட்டு உங்களுக்குத் திருப்பி அனுப்பட்டும். விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியர் இதைச் சென்ற ஆண்டு தொடங்கினார்கள். இப்போது அங்கிருந்து புள்ளி வருகிறது, இவர்கள் விழிக்கிறார்கள்.

இன்னும் ஒரு வேலை மீதமிருக்கிறது. மார்கழி முழுதும் வாசலில் வைத்த சாண உருண்டைகளை மறுநாள் எறிந்துவிடக் கூடாது. பூவோடு சேர்த்துத் தட்டிச் சுவரில் வறட்டியாக அப்பி, வெயில் வந்ததும் திருப்பிக் காயவைத்து, கூடையில் அடுக்கிவையுங்கள். இந்த வேலைக்கு வயது தடையில்லை. வெயிலில் உட்கார்ந்தே செய்யலாம். போகிக்குள் கூடை நிறைந்துவிடும். தை முதல் நாள் காலை வாசலில் புதுப்பானை ஏற்றும்போது, அடுப்பில் முதலில் வைப்பது அவற்றைத்தான். தீப்பற்றுமுன் கூர்ந்து பார்த்தால், காய்ந்த பரங்கி இதழ் அதில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும்.